அடிக்காதே என்பதும் அடி என்பதும்

இசை, அரசதிகாரம், புலம்பெயர்ந்த சமூகம். இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி ஆராய்கிற படிப்பு ஒன்று உலகப் பல்கலைக்கழகங்களில் நடக்கிறது. இன இசையியல் என்று பெயர். நம் மாணவத் தோழர்கள் சிலரும் இப்போது அதன் பக்கம் போகிறார்கள். பறையைப் பற்றி, உறுமியைப் பற்றி, சாவு மேளத்தைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறார்கள். நல்லது. எழுதட்டும். ஆனால் அந்தப் படிப்பு எந்தக் கேள்வியைக் கேட்கிறது, எதைக் கேட்க மறந்துவிடுகிறது என்று நாம் பேசியாக வேண்டும்.

நான் இசை படித்தவனில்லை. வணிகவியல் பட்டம் வாங்கி ஒரு வங்கிக் கிளையில் கிளார்க்காக உட்கார்ந்திருப்பவன். கவிதை எழுதுகிறவன். வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம் என்று பார்த்துப் பழகிய கண். அந்தக் கண்ணோடு இந்த ஆராய்ச்சிகளைப் புரட்டினால் ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்ட பேரேடு மாதிரி இருக்கிறது.

விஷயம் இதுதான். அரசு 'அடிக்காதே' என்று மேளத்தைத் தடை செய்த கதைகள் இந்தப் படிப்பில் நிறைய உண்டு. சாதி 'அடி' என்று மேளத்தைக் கழுத்தில் மாட்டிய கதை அதே அளவுக்கு இல்லை. தடை அதிகாரமாகக் கண்ணுக்குத் தெரிகிறது. கட்டாயம் 'மரபு' என்ற பெயரில் ஒளிந்துகொள்கிறது.

1

முதலில் அந்தப் படிப்பின் பிறப்பைப் பார்ப்போம். 1950இல் யாப் குன்ஸ்ட் என்ற டச்சுக்காரர் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவர் யார்? ஜாவாவில் டச்சுக் காலனி அரசின் அதிகாரியாக இருந்துகொண்டு அந்த மக்களின் கமெலான் இசையை ஆராய்ந்தவர். அதற்கு முன்னால் 'ஒப்பீட்டு இசையியல்' என்ற பெயரில் இருந்தது. 1900இல் பெர்லினுக்கு வந்த சயாம் இசைக்குழு ஒன்றின் வாசிப்பை கார்ல் ஷ்டும்ஃப் மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் பெர்லின் ஒலி ஆவணக்காப்பகம். காலனிகளிலிருந்து ரப்பர் போனது, தேயிலை போனது, தோல் போனது. கூடவே சத்தமும் போனது.

இந்தப் படிப்பு அப்படியே தேங்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அறுபது எழுபது ஆண்டுகளில் அது தன்னையே கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது. 'இசை என்று யார் சொல்கிறார்கள், இரைச்சல் என்று யார் சொல்கிறார்கள்' என்று கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. அரசு எந்த இசையை வளர்க்கிறது, எதை ஒடுக்குகிறது, கடல் கடந்து போனவர்கள் எதைக் கூடவே தூக்கிக்கொண்டு போனார்கள் என்று தேடுகிறது. இவை நமக்கும் வேண்டிய கேள்விகள்தாம். அதனால்தான் சண்டை போடுகிறேன். பயனில்லாத படிப்போடு யார் சண்டை போடுவார்கள்?

2

அரசு மேளத்துக்குப் பயந்த கதைக்கு டிரினிடாடைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் அங்கே திருவிழாவில் தீவட்டி பிடித்து, மேளம் அடித்து ஊர்வலம் போவார்கள். 1881இல் போலீஸ் அதை அடக்கப் போய்க் கலவரமானது. அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டிஷ் காலனி அரசு தெருவில் மேளம் அடிப்பதற்கு எதிராகச் சட்டம் போட்டது. 1884 அக்டோபர் 30 அன்று கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன இந்தியர்கள், தடையை மீறி, தாசா மேளத்தோடு மொகரம் ஊர்வலம் நடத்தினார்கள். ஹோசே என்று அங்கே பெயர். ஊர்வலத்தில் போனவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், முஸ்லிம்களோடு சேர்ந்து போனார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சான் ஃபெர்னாண்டோ ஊருக்குள் நுழையும்போது துப்பாக்கிச் சூடு. குறைந்தது 16 பேர் செத்தார்கள். நூற்றுக்கும் மேல் காயம். கரும்புத் தொழிலில் நெருக்கடி, தோட்டங்களில் கூலிச் சண்டை நடந்த நேரம் அது. கூலிக்காரன் ஒன்றாகக் கூடுகிற சத்தம் முதலாளிக்கு எப்போதும் 'இரைச்சல்'தான்.

தோல் மேளம் போனதும் அங்கிருந்த கறுப்பின மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தி அடித்தார்கள். பிறகு தகரம். பிறகு எண்ணெய் டிரம். 1930களின் கடைசியிலும் 1940களிலும் அதிலிருந்து ஸ்டீல் பேன் பிறந்தது. 1992இல் அதே தீவின் அரசு அதைத் தேசிய இசைக்கருவி என்று அறிவித்தது. 2023இல் ஐ.நா. பொதுச் சபை ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல் பேன் நாள் என்றது. தகரம் தட்டியவனைத் துரத்திய அரசு தகரத்துக்குப் பொன்னாடை போர்த்தியது.

ரீயூனியன் தீவிலும் இதே கதை. அடிமைகளும் கூலிகளும் பாடிய மலோயாவைப் பிரெஞ்சு அரசதிகாரம் 1981 வரை சந்தேகக் கண்ணோடு பார்த்து நசுக்கியது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் அது 'மனிதகுலத்தின் பாரம்பரியம்' ஆகிவிட்டது.

ஆராய்ச்சிக்காரர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும். தடை, எதிர்ப்பு, வெற்றி. எனக்கும்தான் பிடிக்கும். வீரம் இருக்கிறது. தியாகம் இருக்கிறது. ஆனால் இந்த வாய்ப்பாட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நம் சேரியில் வைத்தால் பொருந்தாது. ஏனென்றால் நம் மேளத்தை யாரும் தடை செய்யவில்லையே! 'வந்து அடிடா' என்றுதானே ஆள் அனுப்பினார்கள். அங்கே மேளம் அடித்ததற்குத் துப்பாக்கிக் குண்டு. இங்கே அடிக்க மாட்டேன் என்று சொன்னதற்கு ஊர்விலக்கம், கூலி மறுப்பு, குடிசைக்குத் தீ. அங்கே சத்தம் எதிர்ப்பு. இங்கே பல ஊர்களில் மவுனம்தான் எதிர்ப்பாக இருந்தது. மவுனத்தைப் பதிவு செய்ய எந்த மெழுகு உருளை இருக்கிறது?

3

இப்போது நம் ஆட்கள் போன ஊருக்கு வருவோம். சிங்கப்பூர்.

தைப்பூசத்தன்று செராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தண்டாயுதபாணி கோயில் வரை காவடி போகும். முடிகிற இடம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 1859இல் கட்டிய கோயில். 1973இல் அந்த ஊர்வலத்தில் இசைக்கருவிகள் வாசிக்க அரசு தடை போட்டது. சொன்ன காரணம் பொது ஒழுங்கு: குழுக்களுக்குள் சண்டை வருகிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தடை நீடித்தது. 2015 தைப்பூசத்தில் மேளத்தை நிறுத்தச் சொன்னபோது தகராறாகி மூன்று பேர் கைதானார்கள். அதே ஆண்டு தடையை எதிர்த்து உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். தள்ளுபடி. சீனப் புத்தாண்டு சிங்க நடனத்துக்கு மேளம் இருக்கிறதே என்று கேட்டால், அது சமூக நிகழ்ச்சி, இது மத ஊர்வலம் என்று பதில் வந்தது. பின்பு தளர்த்தினார்கள். எந்த வரிசையில் என்று கவனியுங்கள். முதலில் வாய்ப்பாட்டாகப் பக்திப் பாடல். 2016இல் வழியில் சில இடங்களில் நிலையாக நின்று வாசிக்கும் இசை. 2019இல்தான் கூடவே நடந்து அடிக்கும் மேளம், அதுவும் பாதையின் ஒரு பகுதியில். வாய் முதலில். மேடை பிறகு. தெருவில் நடக்கிற தோல் கடைசி.

ஆராய்ச்சிக்கு இது அருமையான பொருள். பல இன நாடு, சட்டம், சிறுபான்மை, ஒலி, ஒழுங்கு, எல்லாம் இருக்கிறது. ஆனால் அரசின் கணக்கில் அங்கே நாலே பெட்டிகள்: சீனர், மலாய், இந்தியர், மற்றவர். 'இந்தியர்' என்ற பெட்டிக்குள் யார் உறுமி அடிக்கிறார், யார் கோயில் நிர்வாகத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று அரசும் கேட்காது. அரசை எதிர்க்கிற 'சமூகத் தலைவர்'களும் கேட்க மாட்டார்கள். ஆராய்ச்சிக்காரர் இரண்டு தரப்பையும் பேட்டி எடுத்துவிட்டு 'தமிழ்ச் சமூகம் தன் இசைக்காகப் போராடியது' என்று எழுதிவிட்டுப் போவார்.

எந்தத் தமிழ்ச் சமூகம் சாமி? மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணி ஆள் பிடித்துக்கொண்டு போனபோது கப்பலேறியவர்களில் பெரும் பகுதி சேரி சனம். லயங்களில்கூட ஆதிதிராவிடருக்குத் தனி வரிசை ஒதுக்கிய தோட்டங்கள் இருந்தன. உறுமியும் தப்பும் அந்த லயத்திலிருந்து வந்தவை. தோட்டம் துண்டாகி, வீடு பறிபோய், நகரத்து அடுக்குமாடியில் ஒண்டிய பிள்ளைகள் கையில் அது மிச்சமிருந்தது. அந்தப் பிள்ளைகள் சினிமா மெட்டை உறுமியில் அடித்தால் 'பண்பாடு கெட்டுப்போச்சு' என்று கோயில்காரர்களும் இந்து அமைப்புகளும் அங்கலாய்க்கிறார்கள். அரசு 'ஒழுங்கு' என்கிறது. மேட்டுக்குடி 'பண்பாடு' என்கிறது. இரண்டும் ஒரே வாத்தியத்தைப் பார்த்துத்தான் முகம் சுளிக்கிறது. இந்த இரண்டாவது சுளிப்புக்குப் பெயர் என்ன என்று எழுதாத ஆராய்ச்சி என்ன ஆராய்ச்சி?

4

புலம்பெயர்ந்த இசையைப் பற்றிப் பேசும்போது, இசையைவிட முன்னால் கப்பலேறிய ஒரு சொல்லை மறக்கக் கூடாது. பறை என்ற கருவியின் பெயர் மனிதர்களின் பெயரானது. அந்த மனிதர்களின் பெயரைப் போர்ச்சுகீசியனும் ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் எடுத்துக்கொண்டு போய், 'ஒதுக்கப்பட்டவன்' என்ற அர்த்தத்தில் தங்கள் அகராதிகளில் வைத்துக்கொண்டார்கள். 1821இல் பாரிசில் தெலாவீன்யு அந்தப் பெயரில் ஒரு நாடகம் எழுதினார். அதை வைத்து 1829இல் இத்தாலிய இசையமைப்பாளர் தொனிசெட்டி ஓர் இசைநாடகமே போட்டார். நம் மேளத்தின் பெயரில் ஐரோப்பாவில் வயலின் வாசித்திருக்கிறான்! அதில் ஒரு தாளமாவது நம்முடையதா?

அந்தச் சொல் சுற்றிச் சுற்றி மலேசியாவுக்கும் வந்தது. 'இன்டர்லோக்' என்ற மலாய் நாவலைப் பள்ளிப் பாடமாக வைத்தபோது அதிலிருந்த 'பறையா' என்ற சொல்லுக்காக 2011இல் பெரிய கிளர்ச்சி. கடைசியில் பாடத்திலிருந்தே நாவல் போனது. இழிசொல்லை எதிர்த்தது சரிதான். இன்னொரு சமூகத்துக் குழந்தை நம்மை அந்தச் சொல்லால் கேலி செய்யப் பள்ளிக்கூடமே வழி செய்யக் கூடாது. ஆனால் அந்தக் கூச்சலுக்குள் இன்னொரு குரலும் கேட்டது: 'எங்கள் எல்லோரையும் அவர்களோடு சேர்க்கிறாயே!' அந்த 'அவர்கள்' யார்? அவமானம் அந்தச் சொல்லில் இருக்கிறதா, அந்த மக்களோடு சேர்த்து எண்ணப்பட்டதில் இருக்கிறதா? அரசை எதிர்த்து நிற்கும்போதே உள்ளுக்குள் சாதிக் கோடு கிழிக்கிற வித்தை நம்மவர்களுக்குக் கைவந்த கலை.

இதற்கு நேர் எதிராக ஒன்றையும் சொல்ல வேண்டும். கயானாவில் மதராஸிக் கூலிகளின் வாரிசுகள் தமிழை எப்போதோ தொலைத்துவிட்டார்கள். ஆனால் காளி மாய் பூசையில் தப்பு அடிக்கிறார்கள். 'தப்பு' என்றுதான் பெயரும். அங்கிருந்து நியூயார்க் குவீன்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தவர்கள் அங்கேயும் அடிக்கிறார்கள். கயானாவின் சனாதன இந்துக்கள் அந்தப் பூசையை 'மதராஸி வழக்கம், கீழ்த்தரம்' என்று ஒதுக்கிவைத்தார்கள். ஒதுக்கியும் அவர்கள் விடவில்லை. இலக்கணம் போச்சு, எழுத்து போச்சு, தோல் மட்டும் நின்றது. இந்த ஒரு செய்திக்காகவே நான் இன இசையியலுக்கு நன்றி சொல்வேன். தமிழாராய்ச்சி மாநாடு கூட்டித் தமிழை வாழவைத்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.

5

தடைக்கு அடுத்த கட்டம் தத்தெடுப்பு. இதில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம்.

இலங்கையில் பெரவா சாதியினர் மேளமும் சடங்காட்டமும் சுமந்தவர்கள். சிங்கள சமூகத்திலும் அடித்தட்டில் வைக்கப்பட்டவர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, குறிப்பாக 1956க்குப் பிறகு, சிங்கள தேசியத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. பெரவாக்களின் ஆட்டம் 'கண்டி நடனம்' என்ற தேசியக் கலையானது. பள்ளியில் பாடமானது. அரசு விழாவில் முதல் நிகழ்ச்சியானது. பிற சாதிப் பிள்ளைகள் கற்றுச் சான்றிதழ் வாங்கினார்கள். கலை மேலேறியது. சாதி இழிவு பெரவாவின் முதுகில் இருந்து இறங்கவில்லை. இதை சூசன் ரீட் 2010இல் வந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

இங்கே மட்டும் என்ன? 2007இல் சென்னை சங்கமம் நடந்தது. பூங்காவிலும் தெருவிலும் பறை அதிர்ந்தது. அதே ஆண்டு நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் வந்தது. 2025இல் மதுரைப் பறை ஆசான் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் தகுதியை யாரும் கேள்வி கேட்க முடியாது. அந்த விருதால் எத்தனையோ சேரிப் பிள்ளைகள் நெஞ்சு நிமிர்ந்தார்கள். நானும் நிமிர்ந்தேன். என் கேள்வி விருது கொடுக்கிற கையைப் பற்றியது. பறைக்குப் பொன்னாடை போடுகிற அரசு, பறையடிக்க மறுத்தவன் அடிபட்டு வரும்போது எந்தக் காவல் நிலையத்தில் அவன் புகாரை வாங்கியது?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 2015இல் திருத்தியபோது, பிணத்தையோ செத்த மாட்டையோ தூக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் குழி வெட்டச் சொல்வதும் குற்றம் என்று பேர் சொல்லி எழுதினார்கள். அந்தக் குழிக்கு முன்னால் நடக்கிற பறையைப் பேர் சொல்லி எழுதவில்லை. 'கட்டாய உழைப்பு' என்ற பொதுப் பிரிவுக்குள் தேடிக்கொள்ள வேண்டியதுதான். குழி வெட்டினால் வேலை. பறையடித்தால் 'கலை' ஆகிவிடுகிறதே! கலை என்ற சொல் நம் கழுத்தைச் சுற்றுகிற விதம் இப்படி.

நான் உட்கார்ந்திருக்கும் கவுன்டருக்கு மாதா மாதம் அரசு உதவித்தொகை எடுக்க வயசாளிகள் வருவார்கள். அந்தத் திட்டத்துக்குப் பெயர் 'நலிந்த நிலையில் வாழும் கலைஞர்கள்'. நலிந்த நிலை! பயிர் தானாக நலிந்த மாதிரி. யார் நலிய வைத்தது என்று அந்தச் சொல்லில் எங்காவது எழுதியிருக்கிறதா? ஒருமுறை ஒரு பறைக்குழு பதினைந்து பேருக்கு மேளமும் உடுப்பும் வாங்கக் கடன் கேட்டு வந்தது. மேலாளர் ஈடு என்ன என்றார். "தோலுதாங்க சார்" என்றார் குழுத்தலைவர். "இதுக்கெல்லாம் சீசன் உண்டா, மாசா மாசம் வருமானம் எப்படி வரும்?" என்று அடுத்த கேள்வி. "சாவுக்கு ஏது சார் சீசன்?" மேலாளர் சிரித்தார். கடன் வரவில்லை. அதே வாரம் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத் தாளில் பொங்கல் வாழ்த்துக்குப் பக்கத்தில் பறையடிக்கிற படம்! படத்துக்கு ஈடு கேட்கமாட்டார்கள். ஆளுக்குத்தான் கேட்பார்கள்.

6

'சங்கீதம்' வேறு, 'தோல்' வேறு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. மிருதங்கம் எதில் செய்வது? மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் இல்லாமல் மிருதங்கம் உண்டா? அதைச் செய்துகொடுத்த தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை 2020இல் எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு முதலில் மண்டபம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் அனுமதியை ரத்து செய்தது. மத்திய அரசின் பண்பாட்டுத் துறையின் கீழ் இருக்கிற நிறுவனம் அது. அரசதிகாரம், இசை என்று ஆராய்கிறவர்கள் டிரினிடாட் வரை போகவேண்டாம். திருவான்மியூர் வரை போனால் போதும். இசையைக் கேட்கலாம். அது எந்த மிருகத்தின் முதுகிலிருந்து, எந்த மனிதனின் கையிலிருந்து வந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது.

தமிழிசை இயக்கக்காரர்களையும் விட்டுவிட முடியாது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் கண்டார்கள். தெலுங்குக் கீர்த்தனைக்குப் பதில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று சபாக்களோடு மோதினார்கள். மோதட்டும். ஆனால் பாடுகிற மொழியைத்தான் மாற்றக் கேட்டார்கள். பாடுகிற ஆளை, அடிக்கிற கையை மாற்றக் கேட்கவில்லை. தமிழின் ஆதி இசை என்று இன்று பறையைக் கொண்டாடுகிறவர்களே, அந்தத் தமிழிசை மேடையில் பறைக்கு எத்தனை பாய் விரித்தீர்கள்?

7

இன்றைக்கு வட அமெரிக்காவில் தமிழ்ச் சங்க விழாக்களில் பறை ஒலிக்கிறது. மென்பொருள் பொறியாளர்கள் வார இறுதியில் கற்றுக்கொள்கிறார்கள். பெண்கள் அடிக்கிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. சாவோடும் சாதியோடும் கட்டிப்போட்ட கருவியைப் பிற சாதிக்காரன் கூச்சமில்லாமல் தோளில் மாட்டினால் ஒரு முடிச்சு அவிழ்கிறது. அது உண்மை.

ஆனால் கூடவே நடந்ததையும் பாருங்கள். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவிலேயே முதல் நகரம். அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் அப்படியொரு மசோதாவை நிறைவேற்றியது. அமெரிக்க இந்து அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. அக்டோபரில் ஆளுநர் அதைத் தடுத்து நிறுத்திவிட்டார். 'இங்கே சாதி கிடையாது' என்பது எதிர்த்தவர்களின் வாதங்களில் ஒன்று. பறை அடிக்கிற புலம்பெயர்ந்த தமிழ் நண்பரே, அந்த நேரத்தில் உங்கள் பறை எந்தப் பக்கம் அடித்தது? மேடையில் 'ஆதித் தமிழன் இசை' என்று அறிவிக்கிறீர்கள். அந்த ஆதித் தமிழன் எந்தத் தெருவில் இருந்தான், ஏன் அந்தத் தெருவில் மட்டும் இருந்தான் என்று உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா? பறையைச் சாதியிலிருந்து விடுதலை செய்வது ஒன்று. பறையிலிருந்து சாதியின் வரலாற்றைத் துடைப்பது வேறொன்று. முதலாவது சாதியொழிப்பு. இரண்டாவது சாட்சியை அழிப்பது.

8

ஆராய்ச்சிக்காரர் எல்லோரும் ஒன்றல்ல. 1979இல் மைக்கேல் மொஃபாட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரி ஒன்றை ஆராய்ந்து, தீண்டப்படாதவர்களும் சாதி அமைப்பின் மதிப்பீடுகளை ஏற்றுக்கொண்டு தங்களுக்குள் அதையே நகலெடுக்கிறார்கள் என்று எழுதினார். 'ஒத்திசைவு' என்றார். குரல்வளையில் கால் இருக்கும்போது வருகிற சத்தத்தை ஒத்திசைவு என்று கேட்ட காது அது. இன்னொரு பக்கம் ஸோ ஷெரினியன். பறையைப் பற்றி 2011இல் ஆவணப்படம் எடுத்தார். மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, நம் 'பறட்டை' அண்ணன், நாட்டுப்புற மெட்டை எடுத்து எப்படி விடுதலை இறையியல் செய்தார் என்று 2014இல் நூல் எழுதினார். கர்நாடக ராகத்தில் கர்த்தரைப் பாடிய மேட்டுக்குடிக் கிறித்தவத்துக்கு எதிராக, எல்லோருக்கும் ஒரே உலையில் சோறு என்று பாடியவர் பறட்டை. சாதியை நடுவில் வைத்து இசையைக் கேட்க முடியும் என்பதற்கு அந்த நூல் சான்று. ஆக, 'வெளியாளுக்கு முடியாது' என்பது சாக்கு. மனசிருந்தால் முடியும்.

நம் இயக்கத்துக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. பறையைக் கொளுத்து, அது அடிமைச் சின்னம் என்பது ஒன்று. பறையை ஆயுதமாக எடு, அது நம் பண்பாடு என்பது இன்னொன்று. 1990களின் தலித் கலை விழாக்களிலிருந்து இந்த வாக்குவாதம் ஓயவில்லை. 1927இல் மகாடில் செத்த மாட்டை இழுக்காதே என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னதை முதல் கட்சி காட்டும். மேளத்தில் ஏது குற்றம், அடிக்க வைத்தவன்தானே குற்றவாளி என்று இரண்டாவது கட்சி கேட்கும். நான் இரண்டு பேரையும் ஒரே கேள்வியால் சந்திக்கிறேன்: அடிக்க மாட்டேன் என்று சொல்ல முடிகிறதா? சொல்ல முடிகிற இடத்தில் அடிக்கிற பறை கலை. சொல்ல முடியாத இடத்தில் அடிக்கிற பறை கொத்தடிமைத்தனம். ஒரே தோல், ஒரே குச்சி, ஒரே அடவு. வித்தியாசம் சத்தத்தில் இல்லை, மறுக்கிற உரிமையில் இருக்கிறது. கொளுத்தச் சொன்னவரும் எடுக்கச் சொன்னவரும் அந்த உரிமைக்காகத்தான் நிற்கிறார்கள் என்றால் அவர்களுக்குள் சண்டை எதற்கு?

ஆய்வு செய்யப் போகிற மாணவத் தோழர்களுக்கு நாலு வார்த்தை. ஒலிப்பதிவுக் கருவியை நீட்டுவதற்கு முன்னால் கூலியைப் பேசு. உன் உதவித்தொகையில் அவருக்கும் பங்கு உண்டு. 'ஒரு பறைக் கலைஞர்' என்று எழுதாதே. அவர் சம்மதித்தால் பேரை எழுது, ஆசான் பேரை எழுது. பதிவின் பிரதியை அவர் பிள்ளைகள் கேட்கும்படி ஊரிலேயே வைத்துவிட்டுப் போ. அடவுகளை எண்ணும்போது, எந்தச் சாவுக்கு எந்த வருஷம் அடிக்க மறுத்தார்கள், மறுத்ததும் என்ன நடந்தது என்பதையும் எண்ணு. மேளம் கேட்காத சாவும் உன் ஆய்வுப் பொருள்தான்.

இயக்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. சாதி சொல்லிப் பறையடிக்கக் கட்டாயப்படுத்துவது குற்றம் என்று சட்டத்தில் பேர் சொல்லி எழுதவைக்க வேண்டும். குழி வெட்டுவதற்கு எழுதியவர்கள் இதற்கும் எழுதட்டும். அரசு நடத்துகிற இசைக் கல்லூரிகளில் பறை ஆசான்கள் கவுரவ விருந்தாளியாக அல்ல, மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியராக உட்கார வேண்டும். அங்கே படிக்க எல்லாச் சாதிப் பிள்ளையும் வரட்டும். சாவு வீட்டுக்கு அடிக்கவும் எல்லாச் சாதிப் பிள்ளையும் வரட்டும். மேடைக்கு மட்டும் வருவேன், சுடுகாட்டுக்கு வரமாட்டேன் என்பவனிடம் நம் பிள்ளையும் அதையே திருப்பிச் சொல்வான்.

அடிக்காதே என்று சொன்ன அரசுகளை உலகம் முழுக்க மேளங்கள் தோற்கடித்திருக்கின்றன. மூங்கிலில், தகரத்தில், எண்ணெய் டிரம்மில் அடித்துக் காட்டிவிட்டார்கள். அடி என்று சொல்கிற சாதியைத் தோற்கடிக்கிற வேலைதான் பாக்கி. அதை அடித்தும் செய்வோம், அடிக்காமலும் செய்வோம். எப்போது எது என்று முடிவு செய்யப்போவது ஊரும் இல்லை, அரசும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. குச்சி யார் கையில் இருக்கிறதோ அவர்கள்.